நாளைக்கு லீவா என்று கேட்க வைத்த சிம்பொனி

பாலக்காட்டில் கல்லூரி நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி இசை கேட்போம். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஒன்றைத் தேர்ந்து வர வேண்டும். மற்றவர்கள் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எனக்குத் தெரிந்தது சினிமாப் பாட்டும் கோயில் மேளமும்தான்.

என் முறைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் சிம்பொனியை எடுத்தேன். பியானோ ஆசிரியை என்ற அளவில்தான் அவர் பெயர் மிஞ்சியிருந்தது. இப்போதுதான் தேடியெடுத்து வாசிக்கிறார்கள். இதை எப்படி இத்தனை காலம் கேட்காமல் விட்டார்கள் என்ற கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. நான்கு பக்கம் குறிப்பும் எழுதிவிட்டேன். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்களா? பாதியில் யாராவது போனை எடுத்தால், அந்த வட்டத்தில் அப்புறம் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, மெதுவான இரண்டாம் பாகத்தை வாசலில் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சித்தி ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"ஏய்யா, எந்த மந்திரி போயிட்டாரு? நாளைக்கு லீவா?"

பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவில் நாளெல்லாம் சொல்லில்லாத வயலின்தான் ஓடும். எஸ்டேட்டில் பலரும் லீவைத் தெரிந்துகொள்வது அப்படித்தான்.

"யாரும் சாகல. இவன் காலேஜுக்குப் போடுற பாட்டாம்" என்றார் அம்மா.

"அப்ப நாளைக்குக் கொழுந்து கிள்ளணுமா!" சித்திக்கு வருத்தம்தான். ஆனாலும் போகவில்லை. அடுத்த பாகம் துள்ளி வந்தது. "செத்தவன் எந்திரிச்சிட்டாம்ல!" என்று சிரித்தார். முடியும்வரை இருந்துவிட்டு, "நல்லாத்தானய்யா இருக்கு. யாரு மெட்டுப் போட்டது?" என்று கேட்டார்.

கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கு ஆளைத் தெரிய வேண்டியிருந்தது. என் குறிப்போ ஆளிலிருந்து தொடங்கியது.

பாலக்காட்டில் குறிப்பை எடுக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் போட்டேன். ஒருவன் இரண்டு முறை மணி பார்த்தான். போனை யாரும் எடுக்கவில்லை. முடிந்ததும் கல்பாத்தி அக்கிரகாரத்துத் தோழி கேட்டாள்: "இத எழுதினவா வேற என்னெல்லாம் எழுதிருக்கா?"

இன்னும் இரண்டு சிம்பொனி இருக்கிறது என்றேன். அவற்றை நானே இன்னும் முழுதாகக் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"அப்போ இப்பவே போடு, கேப்போம்" என்றாள்.