மழை நுழையாத இடைவெளி

மலாயாவின் அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசியும் தகவலும் போகாமலிருக்க, ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அங்கிருந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அதுவரை கோலா சாவா பக்கத்துப் பழைய மலாய்ப் பள்ளிவாசலுக்கு நடந்துபோய்த் தொழுதுவந்தன. வேலி வந்தபின் மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டினார்கள். நோன்பு மாத இரவுத் தொழுகைக்கு அந்தக் குடும்பத்தினர் வேலிக்குள்ளேயே ஒரு கூடம் கேட்டார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சம்மதித்தார்.

கட்டியவர் தோட்டத்து ஆசாரி, இந்து. பள்ளிவாசலைப் போலவே அடுக்குக் கூரை வைத்தார். காற்றுக்காக அடுக்குகளுக்கு நடுவே விட்ட இடைவெளி வழியாக முதல் மழையே தரையை நனைத்துவிட்டது. நோன்புக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

நான் சிரம்பானில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் நிருபர். வேலி பற்றி எழுதப் போனவன், அந்தப் பழைய கூரையைப் பார்த்துவரப் புறப்பட்ட ஆசாரியுடன் பள்ளிவாசலுக்கும் கிளம்பினேன். வேலிக்கு வெளியே போய்வர ஐந்து மணிவரை பாஸ் கிடைத்தது.

பள்ளிவாசலுக்குச் சில நூறு வயது என்றார்கள். எழுத்துச் சான்று எதையும் நான் பார்க்கவில்லை. மூன்று அடுக்குக் கூரை. நடுவில் எட்டுப் பட்டையாகச் செதுக்கிய நான்கு தூண்கள், செங்கால் என்ற கெட்டியான மலாய்க்காட்டு மரம். ஆணியே இல்லை, ஒரு மரத்தின் முனை இன்னொன்றின் துளைக்குள் இறங்கியிருந்தது. இமாம் ஏறிப் பேசும் மேடையில் கொடியும் பூவும் மட்டுமே செதுக்கியிருந்தார்கள், ஓர் உயிரின் உருவமும் இல்லை. வெளிச்சம் கூரை அடுக்குகளின் நடுவிலிருந்து இறங்கித் தரையில் பரவியது. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே குளிர்ச்சி.

ஆசாரி தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார். பாங்கு சொல்லும் மலாய்க்காரப் பெரியவர், தோட்டக் கடையில் பழகிய தமிழில் சொன்னார்:

“படு, பரவாயில்ல. கால மட்டும் அந்தப் பக்கம் திருப்பு. தொழுற திசை இது.”

ஆசாரி பதறி எழுந்து, திரும்பிப் படுத்தார்.

பிறகு பெரியவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி மேலே ஏறினார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

“இடைவெளி என்னுது அளவுதான், தம்பி. மேல் கூரை ரெண்டு மடங்கு வெளிய நீண்டிருக்கு. நான் குட்டையா நறுக்கிட்டேன்.”

அவருக்கு எழுத வராது. நீளத்தைக் கயிற்றில் முடிச்சிட்டு இடுப்பில் சுற்றிக்கொண்டார். நான் நோட்டில் படம் வரைந்து, தொழுகைத் திசைக்கு அம்புக்குறியும் போட்டேன்.

வேலி வாசலில் காவலர் அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். அம்புக்குறியைப் பார்த்ததும், யாருக்கு இந்த மேப் என்று மலாயில் கேட்டார். விளக்கிச் சொன்னேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார்.

“உங்க படம் போச்சுலா,” என்றார் ஆசாரி. “என்னுது இடுப்புல இருக்கு.”

நோன்பின் முதல் இரவு நானும் தோட்டத்தில் தங்கினேன். அதற்குள் ஆசாரி கயிற்று முடிச்சின் அளவுக்கு மேல் கூரையை நீட்டியிருந்தார். தொழுகையின் நடுவே மழை பிடித்தது. ஆசாரி வெளியே நனைந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்ததும் ஒருவர் கதவருகே வந்து, பாய் ஒன்றை உதறிக் காட்டினார். காய்ந்திருந்தது.

“உள்ள வாங்கண்ணே,” என்றார். “வெளியதான் ஒழுகுது.”