துண்டு பிழிந்த தண்ணீர்

ஏற்காடு டவுனில் என் வீட்டுக் குளியலறை ஜன்னலில் தொங்கும் ஆர்க்கிட் இன்று காலை பூத்துவிட்டது. வெளிர்மஞ்சள் இதழ் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அதன் வேரிலிருந்த ஈரப் பாசியின் வாசம் என்னைச் சிறுவயதில் வளர்ந்த வாழவந்தி கிராமத்து வீட்டுக் கொல்லைக்கே கொண்டுபோனது.

காப்பி எஸ்டேட்டில் நிழல் மரத்தை வெட்டியபோது, கிளையோடு விழுந்த இதே ஜாதிச் செடியை அப்பா எடுத்து வந்தார். குளிக்கிற கல்லை ஒட்டிய வேலியில் கட்டினார். மேகம் இறங்கும் மாதங்களில் அது தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. கோடையில்தான் வம்பு. ஊற்றிலிருந்து குடம் சுமப்பவள் அம்மா.

“ஏனுங்க, குடிக்கவே தண்ணியில்ல, செடிக்கு ஊத்தறீங்களா?”

“நான் எங்க ஊத்தறேன்? துண்டத்தான புழியறேன்.”

தினமும் குளித்ததும் துண்டைச் செடிக்கு மேலே பிடித்துத்தான் பிழிவார். அம்மா முறைப்பாள்.

அது பூத்த அன்று, தலைக்குக் குளித்து வந்த அம்மா, ஈரக் கூந்தலை அதன்மேல் பிழிந்தாள். அப்பா சிரித்தார்.

“நானெங்க ஊத்தறனுங்க? தலையத்தான துவட்டறேன்.”

அப்படிச் சண்டை போட்டவர்களின் வீட்டில் வளர்ந்தது என் கொடுப்பினை.

இப்போது குழாயைத் திறந்தால் தண்ணீர். செடிக்கென்றே ஸ்ப்ரே பாட்டிலும் இருக்கிறது. நான் ஈரத் தலையோடு ஜன்னலருகே போய் நின்றேன்.