குப்பம்மாளும் வெடித்த கல்நண்டும்

குப்பம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதிலும் நண்டைப் பற்றி யாராவது தப்பாகப் பேசிவிட்டால் போச்சு, எதிரே நிற்பது யாரென்று பார்க்க மாட்டாள். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம் அது.

அவள் கூட்டத்துக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. பெண்கள் ஏரித் தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்து நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து பறி என்கிற ஓலைக் கூடையில் போடுவார்கள். ஒருத்தி தவறவிட்டதை அடுத்தவள் பிடிப்பாள். தனியாகத் தடவினால் அரை வயிறுதான். அந்த வரிசைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது: நண்டின் வெற்று ஓட்டைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் எல்லார் பறியும் வெறுமையாகும் என்று நம்பினார்கள். மீறியவளுக்கு அந்தப் பருவம் முழுக்க வரிசையில் இடமில்லை.

கோட்டையின் உலாந்தா வைத்தியருக்கோ கல்நண்டுப் பைத்தியம். ஏரியடிக் களிமண்ணில் எந்தக் காலத்திலோ புதைந்து கல்லாகிப்போன நண்டுகளைக் குப்பம்மாள்தான் இரண்டு வருடமாக எடுத்துக் கொடுத்தாள். அவர் காலையும் கண்குழியையும் முதுகு மேடுகளையும் அளந்து, படம் வரைந்து, இது இன்ன இனம் என்று எழுதினார். அந்த எழுத்தைச் சீமைக்குக் கொண்டுபோகும் கப்பல் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, துபாஷி சுப்பராயலு அந்தக் காகிதத்தை அவளுக்குத் தமிழில் சொன்னார்.

"இது மத்த நண்டுங்களோட சேராதாம். ஓடே உரிக்காத புது ஜாதியாம். நூத்தி நாப்பது பார்த்தாராம், ஒண்ணுலகூட ஓடு திறந்திருக்கலியாம்."

"அய்யய்ய! ஓடு உரிக்காம நண்டு எப்படிங்க ஐயா பெருசாவும்? எவன் சொன்னான்?"

"நீதான். 'நண்டுக்காரி கொண்டுவந்தவை, அவள் கண் தவறாது'ன்னு எழுதியிருக்கார்."

குப்பம்மாளுக்குச் சுருக்கென்றது. நண்டு தன் பழைய ஓட்டின் பின்பக்கத்தைத் திறந்துகொண்டுதான் வெளியே வரும். அப்படிப் பின்பக்கம் வெடித்த கல்நண்டுகள் எத்தனையோ அவள் கையில் பட்டிருந்தன. கல்லானாலும் வெற்று ஓடு வெற்று ஓடுதானே என்று அத்தனையையும் தண்ணீரிலேயே வீசியிருந்தாள்.

"வாயால சொன்னா மாத்திக்குவாராங்க?"

"கண்ணால பார்க்காம ஒரு எழுத்தை மாத்த மாட்டார். விட்டுத் தள்ளு. சீமையில எவன் இந்த நண்டைப் பிடிக்கப் போறான்?"

அவள் கண்ணை நம்பி ஒரு மனுஷன் பொய்யை எழுதி வைத்திருக்கிறான், அதுதான் அவளை அரித்தது.

மறுநாள் நடுப்பகலில், வெடித்த கல்நண்டு ஒன்று கையில் தட்டியது. அவள் அதை வீசவில்லை. எல்லாரும் பார்க்க எடுத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்த நாத்தனார் திரௌபதி பதறிப்போனாள்.

"ஏய், இன்னா பண்றே? தூக்கிப் போடு அத்த!"

"என்னால ஒரு பொய் கப்பல் ஏறப் போவுதுடி. போட மாட்டேன்."

"அப்போ வரிசைய மறந்துடு."

"மறந்துட்டேன், போ!"

கோட்டையில் வைத்தியர் பூதக்கண்ணாடியை வைத்து வெடிப்பை வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து அரைப் பக்கத்தை அடித்தார். ஏரியில் இன்றைக்கும் திரிகிற நண்டுக்குப் பங்காளிதான் இது, புது ஜாதி இல்லை என்று திருத்தி எழுதினார். இவ்வளவு நாள் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். குப்பம்மாள் கட்டுப்பாட்டைச் சொன்னாள். சுப்பராயலு அதை மொழிபெயர்த்ததும் வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவ்வளவுதானான்னு கேக்கறார்" என்றார் சுப்பராயலு.

"ஆமாங்க, இவ்வளவுதான்" என்றாள் அவள்.

அடுத்த நாள் காலையில் ஏரிக்குப் போனபோது பெண்கள் இறங்கியிருந்தார்கள். திரௌபதி நகர்ந்து உட்கார்ந்து அவள் இடத்தை அடைத்திருந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பம்மாள் கூப்பிடு தூரம் தள்ளிப் போய்த் தனியாக இறங்கினாள். இரண்டு கையும் சேற்றைத் தடவ வேண்டும், அதனால் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு வழியில்லை.