வாய்க்காசு

பாலாடைக்கட்டியை லமிஸ்கோஸ் கையில் கொடுத்தால் அது நேராக வாய்க்குப் போகாது. கத்தி முனையால் அதில் ஒரு முகத்தைக் குடைவார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "மோவா சரியில்ல" என்று முனகிவிட்டு அதன் பிறகே கடிப்பார். மெழுகு, களிமண், முள்ளங்கி எதுவும் தப்பாது. முகமெல்லாம் இடம்வலம் மாறி, பள்ளமாகவே இருக்கும். அச்சில் பள்ளமாக வெட்டினால்தான் காசில் மேடாக எழும்; அவருக்கு உலகம் நெடுநாளாகவே அப்படித்தான் தெரிந்தது.

"இந்த வீட்டுல ஒரு கட்டியாவது மூக்கு முழி இல்லாம திங்க முடியுதா?" என்பாள் அவர் மனைவி பிலின்னா.

"மூக்க நீ தின்னுடி. முழிய வச்சிரு, இன்னும் பாக்கணும்."

சிசிலித் தீவின் தென்கரைத் துறைமுகம் ஒன்றில் ஊர்க்காசுக்கு அச்சு வெட்டுபவர் அவர். குள்ளம். குனிந்து குனிந்தே முதுகு வளைந்து போனதால், நிமிர்ந்து நடப்பவர்களைக் கண்டாலே எரிச்சல் படுவார். சம்மட்டி அடிக்கும் சிமோஸ் கொஞ்சம் ஓரமாக அடித்துவிட்டால் போதும். "டேய், அது தேவதை மூஞ்சிடா! ஒலிவக்கொட்டைய நசுக்குற மாதிரி நசுக்குற!" என்று கத்துவது தெருமுனை வரை கேட்கும். சிமோஸும் லேசில் விடமாட்டான். "தேவதையே சும்மா இருக்கா, ஆசாரிக்குத்தான் வலிக்குது" என்பான்.

காசிலிருந்த தேவதை அவ்வூர் ஆற்றின் தேவதை. மூக்கு மட்டும் எதிர்வீட்டு மீன்காரி மிர்ரினேயுடையது. அது மிர்ரினேவுக்கும் தெரியும்.

"என் மூக்க வச்சு ஊரே யாவாரம் பண்ணுது. எனக்கு என்னய்யா குடுத்த?"

"உன் மூக்கா? நான் சரிபண்ணித்தானே போட்டேன். முன்ன இருந்தது உன்னுது."

தேவதையின் தலைப்பட்டையில், எறும்புக் காலைவிட மெல்லிய எழுத்தில், அவர் தன் பெயரை வெட்டியிருந்தார். அந்தத் தீவில் கைதேர்ந்த அச்சுக்காரர்கள் அப்படிச் செய்வது வழக்கம்தான். யாரும் கேட்டதில்லை. திமொலாஸ் என்பவன் நாணயச்சாலைக்கு அதிகாரியாக வந்த பிறகுதான் கேள்வி வந்தது. "தேவதை நெத்தியில கூலிக்காரன் பேரா?" என்றான். அச்சுகளில் பெயரை அழிக்க வேண்டும், பெயருள்ள காசுகளைத் திரும்ப வாங்கி உருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

தன் பெயரைத் தானே அரத்தால் தேய்த்துவிட்டு வந்த நாளில் லமிஸ்கோஸ் யாரையும் திட்டவில்லை. பாலாடைக்கட்டியை அப்படியே தின்றார். பிலின்னா பயந்தது அதைப் பார்த்துத்தான்.

ஆனால் கூலியாக வந்த பெயருள்ள வெள்ளிக்காசு ஒன்றை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. சுண்டுவிரல் நகமளவு காசு. அதை அவளிடம் கொடுத்தார். இறந்தவர் வாயில் ஒரு காசு வைத்து அனுப்புவார்கள். கீழுலகத்து ஆற்றைக் கடக்க ஓடக்காரனுக்கு அது கூலி.

"இத என் வாயில போடு. இந்த ஊர்ல செத்தவன் ஒவ்வொருத்தன் வாயிலேருந்தும் என் காசத்தான் அந்த ஓடக்காரன் எடுத்திருப்பான். வெட்டினவன் யாருன்னு ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கட்டும்."

"நல்ல வார்த்த பேசத் தெரியாதா உனக்கு?" என்று அதட்டிக்கொண்டே அவள் வாங்கி வைத்தாள்.

அந்தக் கோடையில் அச்சு ஒன்றில் விரிசல் விட்டது. புதிது வெட்டித் தருகிறேன், இதில் அடிக்காதீர்கள் என்றார் லமிஸ்கோஸ். "இன்னும் அர நாள் தாங்கும். அடி" என்றான் திமொலாஸ். சிமோஸ் சம்மட்டியை ஓங்காமல் நின்றான். "உன்னத்தான்டா சொல்றேன்!" சிமோஸ் அடித்தான். அச்சு வெடித்துப் பறந்த சில்லு லமிஸ்கோஸின் கண்ணுக்குக் கீழே புதைந்தது. புண் சீழ் கட்டியது, காய்ச்சல் ஏறியது. முகம் முகமாக வெட்டிய மனிதர் தன் முகத்தில் பாதி கறுத்துச் செத்தார். ஆசாரி அருகில் நின்றது அவர் தவறு என்று திமொலாஸ் சபையில் சொன்னான். சபை தலையாட்டியது.

பிலின்னா உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, கட்டிலில் வாசனை மருவு இலைகளை விரித்துக் கிடத்தினாள். காசை அவர் நாவின் மேல் வைத்து, வாய் பிளந்துவிடாதபடி தாடையைத் துணியால் கட்டினாள். பாடையைத் தூக்கச் சிமோஸும் சம்மட்டிக்காரர்களும் குனிந்தபோது வாசலில் திமொலாஸ் நின்றான். இழவுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உளி, அரம் எல்லாம் எடுத்துக் குடுங்க. அதெல்லாம் ஊர்ச் சொத்து" என்றான். கொடுத்தார்கள். பிறகு பாடைப் பக்கம் திரும்பினான். வெள்ளியைக் கடத்தாதிருக்க, நாணயச்சாலை ஆட்கள் தினமும் வாசலில் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். "சாலை ஆளு வாயக் காட்டாம வாசலத் தாண்டக் கூடாது. சட்டம்."

"அவரு தாண்டிட்டாருங்க ஐயா" என்றான் சிமோஸ்.

திமொலாஸ் அவனைச் சட்டை செய்யாமல் துணியை அவிழ்த்தான். பிணத்தின் வாயில் விரலை விட்டான். காசை எடுத்து, எச்சிலைத் தன் அங்கியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தான்.

"உருக்கச் சொன்ன காசு!"

"என் புருசன் ஒழச்ச கூலி" என்றாள் பிலின்னா.

"பேரில்லாத காசு ஒண்ணு போட்டு அனுப்பு. ஓடக்காரன் என்ன எழுத்துக் கூட்டியா படிக்கப் போறான்?" சிரித்தபடி காசை உள்ளங்கையில் குலுக்கினான்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவள் கை பாய்ந்தது. அவ்வூரில் சந்தைக்குப் போகிறவர்கள் சில்லறையைக் கன்னத்தில்தான் அடக்கிக்கொள்வார்கள். கைக்கு வழி தெரியும். காசு அவள் வாய்க்குள் போய்விட்டது.

"துப்பு!"

அவள் உதட்டை இறுக்கினாள். அவன் கை உயர்ந்தபோது மிர்ரினே குறுக்கே வந்தாள். "பொணத்து வாயில விட்ட வெரல பொம்பள வாயிலயும் விடுவியா? விடு பாப்போம். மீன் நறுக்குற கத்தி என் இடுப்புலதான் இருக்கு."

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. திமொலாஸ் கையை இறக்கினான்.

"சரி. எவ்வளவு நேரம் மூடிக்கிட்டு இருப்ப? ஒப்பாரி வைக்கத் தொறந்துதானே ஆகணும்? நானும் கூட வரேன்."

பாடை நகர்ந்தது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்கள். பிலின்னாவிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. "கட்டினவ இவதானா? கல்லு மாதிரி வர்றா" என்று பின்னால் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. தொண்டை வரை வந்த அழுகையைக் காசுக்கு அடியில் போட்டு அழுத்தினாள். விரிசல் விட்ட அச்சு, தலையாட்டிய சபை, அங்கியில் துடைத்த எச்சில் எல்லாம் பல்லுக்குப் பின்னால் முட்டின. ஒரு வசவு, ஒரே ஒரு வசவு சொல்லத் திறந்தாலும் காசு அவனுடையதாகிவிடும். பக்கத்திலேயே நடந்த திமொலாஸ் அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மதிலுக்கு வெளியே, மண்ணில் வெட்டிய குழிக்கு அருகில் பாடையை இறக்கினார்கள். உடலின் மேல் கூரைபோல் சாய்த்து வைக்க ஓடுகள் அடுக்கியிருந்தன. பிலின்னா மண்டியிட்டாள். முக்காட்டைத் தன் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் சேர்த்து இழுத்துவிட்டு, கறுத்த அந்த முகத்தின் மேல் கவிழ்ந்து, வாயோடு வாய் வைத்தாள். முத்தம் நீண்டது. சம்மட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். எழுந்து, அவளே அவர் தாடைத் துணியை இறுக்கி முடிந்தாள். குழிக்குள் இறக்கினார்கள். சிமோஸ் ஓடுகளைச் சாய்த்தான், எல்லாருக்கும் முந்தி மண்ணைத் தள்ளினான். மூடிய குழியைத் தோண்டுகிறவன் அந்த ஊரில் உயிரோடு வீடு திரும்ப முடியாது.

"முடிஞ்சுதுல்ல? இப்பத் துப்பு" என்றான் திமொலாஸ்.

பிலின்னா அவன் மூச்சு படும் தூரத்துக்கு வந்து நின்றாள். வாயை அகலத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். இரண்டு கன்னங்களையும் விரலால் இழுத்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் காட்டினாள். திறந்த அந்த வாயிலிருந்து, அவன் முகத்துக்கு நேரே, ஒப்பாரி கிளம்பியது.