அக்கா வழித்த புருவம்

ஒடாஹுஹு என்ற ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் பாஸ்டெட் சிலையைக் கண்டேன். எகிப்தியரின் பூனைத் தெய்வம். காதில் வளையம் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட அதிபர் மாதிரி என்னைப் பார்த்தாள். என் புருவம் கூசியது.

பத்து வயதில், மாசி என்ற ஊரில் நாங்கள் இருந்த வீட்டில், எங்கள் பூனையைப் பகிடிக்குக் கதவைத் திறந்து தெருவுக்கு விரட்டினேன். அது காரில் அடிபட்டுச் செத்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை.

அக்கா நூலகப் புத்தகங்கள் படிப்பவள். வீட்டுப் பூனை செத்தால் எகிப்தியர் புருவத்தை வழித்துத் துக்கம் காப்பார்களாம். அப்பாவின் ரேசரால் அவளும் வழித்துக்கொண்டாள்.

"அக்கா, அவிச்ச முட்டை மாதிரி இருக்கிறாய்!"

"சிரிக்காத. பாஸ்டெட் கோவிச்சால் சிங்கமா மாறுவா. பூனையைச் சாகடிச்சால் அங்க ஆளையும் சாகடிப்பினமாம். கதவைத் திறந்தது ஆரடா?"

"காத்து."

"அப்ப வா, உனக்கும் வழிக்கிறன்."

தாடையைப் பிடித்து, சவுக்காரம் பூசி, மெல்ல வழித்தாள். ரேசர் கண்ணுக்கு மேலே நின்றபோது "ஆர்?" என்று இன்னொருமுறை கேட்டாள்.

"காத்துத்தான்" என்றேன்.

இப்போது கடை வாசலில் நின்று அவளுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, பூனையை விரட்டினது நான்தான்."

"தெரியும். யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள். "ரேசரைப் பிடிச்ச என்ர கை அண்டைக்கு என்ன செய்யப் பாத்ததெண்டு உனக்குத்தான் தெரியாது."