பள்ளத்துக்குள் ஒரு பள்ளம்

மழைக்காலத்தில் சொந்தக் காரில் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே உள்ள கிராமங்களுக்குப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோவில், அருவி, படகுத்துறை எதுவும் இந்தப் பதிவில் வராது. சேறு வரும், நிறையவே வரும். போன ஐப்பசியின் கடைசி சனிக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் கோகிலாவை அவள் தம்பி கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேலத்திலிருந்து மொத்தமே நாற்பத்தோரு கிலோமீட்டர்தான். ஒன்றேகால் மணி நேரத்தில் போகிற ஊருக்கு மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதில் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் நடராஜா சர்வீஸ்.

கல்யாணம் ஞாயிறு காலை. ஆனால் கோகிலாவுக்குக் கெடு சனிக்கிழமை மாலை ஏழு மணி. அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் சீர்க்கூடையை ஏந்தி அவன் பக்கத்தில் நின்று செய்யும் சீர். கோகிலா கணவனைப் பிரிந்து மூன்று வருடமாகச் சேலத்தில் தனியாக இருக்கிறாள். "வாழாதவ கையால எதுக்கு? எம் மக செய்யட்டும்" என்று அவளுடைய பெரியம்மா வீட்டில் பேச்செடுக்க, தம்பி கார்த்தி ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான், அக்காதான் செய்ய வேண்டும் என்று. நேரத்துக்குப் போகவில்லை என்றால் பெரியம்மா சொன்னதே நடந்துவிடும். யாரும் யாரையும் குறைகூற முடியாது, மழைமேல் பழியைப் போட்டுவிடலாம். கோகிலா பயந்தது இதற்குத்தான்.

"அப்படீன்னா வெள்ளிக்கிழமையே போயிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் முன்னாடி போனா ஆளாளுக்கு என்ன ஏதுன்னு கேப்பாங்கக்கா. சீர் நேரத்துக்குப் போனா நிக்கறதுக்கே நேரம் இருக்காது பாருங்க" என்றாள். அன்று மதியம் பார்த்தால் மழையில் அந்தப் பக்கம் பஸ்ஸே நின்றுவிட்டது. அப்படித்தான் நான் சாரதியானேன்.

நான் கிளம்பத் தயாரானது இரண்டு மணிக்கு. "எமகண்டம் கழியட்டுங்க" என்று மூன்று மணி வரை உட்கார வைத்துவிட்டாள். நான் மாதா படத்தைக் கும்பிட்டுவிட்டு எந்த நேரத்திலும் வண்டியை எடுக்கிறவள், எனக்கு எல்லா நேரமும் நல்ல நேரம்தான். மூன்று ஐந்துக்குக் கிளம்பினோம். ஆட்டையாம்பட்டிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். அங்கே அரைக்கிலோ கைமுறுக்கு வாங்கினோம். சேறு பிடிக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் இப்படிக் கையில் ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது, எப்போது வீடு சேர்வோம் என்று சொல்ல முடியாது.

முப்பத்தாறாவது கிலோமீட்டரில் தார்ரோடு முடிந்துபோயிருந்தது. தரைப்பாலத்தின்மேல் காவித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே வேலிக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு முட்டை லாரிகள் ஓரங்கட்டி நின்றன. மணி நாலு இருபது. முள்ளைப் போட்டவர்கள் விவரம் தெரிந்துதான் போட்டிருப்பார்கள், அதை நகர்த்திவிட்டுப் போகிற புத்திசாலித்தனம் எனக்கு இல்லை.

கோகிலா வலதுபக்கம் கை காட்டினாள். "இந்த இட்டேரீல உடுங்கக்கா. நாலு கிலோமீட்டர்தான். ஒரு பள்ளம் இருக்குது, அதத் தாண்டிட்டா ஊடு வந்துருச்சு."

ஒரு பள்ளம்தானே, சேலத்தில் நான் தினமும் நாற்பது பள்ளம் தாண்டுகிறவள் என்று நினைத்துத் திருப்பினேன். நான் பிறந்து வளர்ந்தது ஆத்தூர்ப் பக்கம். எங்களுக்குப் பள்ளம் என்றால் குழி. கொங்குப் பக்கத்தில் பள்ளம் என்றால் ஓடை! மழை பெய்தால் தண்ணீர் ஓடும், நாற்பது அடி அகலம் கொண்ட, பெயர் வைத்துக் கூப்பிடுகிற ஓடை. இந்த ஒரு சொல்லை நீங்கள் தெரிந்துகொண்டால் இந்தப் பதிவு எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும். அங்கே யாராவது "பள்ளத்துல தண்ணி போகுதுங்க" என்றால், நின்று யோசியுங்கள்.

இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி கட்டிய, வயல்காட்டுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை. இரண்டு பக்கத்துத் தோட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் மழை நீர் முழுக்க அதில்தான் இறங்கும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை, திருப்பவும் இடமில்லை. மேலே பார்க்க மணல் கெட்டியாகத் தெரியும், டயர் ஏறியதும் உள்வாங்கும். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டாம் கியரில், ஒரே சீராக, நிற்காமல் போக வேண்டும். நின்றால் போச்சு. திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தாலும் போச்சு. இரண்டரைக் கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒருமுறை பின்பக்கம் இடப்புறமாக வழுக்கி, வேலி முள் கதவில் ஒரு கோடு போட்டது. என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டை இன்றும் தடவிப் பார்க்கிறார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளத்தின் கரைக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீர் கலங்கலாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆழம் தெரியவில்லை. இறங்கிப் பார்க்கலாம் என்றேன். கோகிலா கரையில் இருந்த தடத்தைக் காட்டினாள். அகலமான லாரி டயர்த் தடம், இரண்டு பக்கமும் ஆழமாகப் பதிந்து, நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

"பாருங்கக்கா, லாரியே போயிருக்குது. லாரி போற தடத்துல கார் போகாதா? எங்க ஊரு தடம் எனக்குத் தெரியாதுங்களா?"

லாரி பாடி கட்டுவதும் போர்வெல் வண்டி ஓட்டுவதுமாக வாழ்கிற மண்ணில் பிறந்தவளின் நியாயம் இது. அங்கே லாரித் தடம் சாமி வாக்கு மாதிரி. நானும் நம்பினேன். அக்கரையில் செம்மறி ஆடுகளோடு ஒரு பெண் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்று கையை ஆட்டினார். வழியனுப்புகிறார் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கையாட்டினேன். தூறலுக்காகக் கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தேன். அவர் கத்தியது ஒன்றும் கேட்கவில்லை.

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு முன்பக்கம் இடதுபுறம் தொபுக்கென்று இறங்கியது. முகப்பு விளக்கு வரை தண்ணீர். இன்ஜின் இருமி நின்றது. சாவியைத் திருப்பக் கை போனது, நல்ல வேளையாக யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் குடித்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் இன்ஜினே காலி. கதவைத் திறந்ததும் ஓடை உள்ளே வந்து முறுக்குப் பொட்டலத்தை நனைத்தது.

அந்தப் பெண் கையில் கோலோடு, தட்டித் தட்டிப் பார்த்தபடி தண்ணீருக்குள் வந்தார். பெயர் பாவாயி. ஐம்பது வயது இருக்கும்.

"ஏனுங்க, லாரித் தடத்துல உடாதீங்க உடாதீங்கன்னு தொண்ட கிழியக் கத்தறேன், நீங்க என்னமோ கை காட்டிட்டு வாரீங்க! அது அக்கட்டால போற தடம் இல்லீங்க. மண்ணு அள்ளற டிப்பரு நடுப்பள்ளம் வரைக்கும் வந்துட்டு அப்பிடியே திரும்பிப் போற தடம். அள்ளுன குழியிலதான் நீங்க நிக்கறீங்க. அக்கர போறதுன்னா அந்த வேப்பமரத்தையொட்டிப் போகோணும்."

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய விஷயம். தடம் இருக்கிறது என்றால் வண்டி வந்தது என்று மட்டும்தான் அர்த்தம், கடந்து போனது என்று அர்த்தமில்லை. தண்ணீருக்குள் அது எங்கே முடிகிறது என்று கரையிலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்?

"எப்பருந்து மண்ணு அள்றாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமாச்சுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஊர்த் தடம் தெரியும்னு சொன்னியே கோகிலா!"

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மூணு வருசமா நா இந்தப் பக்கமே வரலீங்கக்கா. ஃபோன் பண்ணி வழி கேட்டா, சொந்த ஊட்டுக்கு வழி தெரியாதான்னு கேப்பாங்களோன்னு..." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

பாவாயி தன் கோலில் நனைந்த மட்டத்தைப் பார்த்தார். "மேல ஏரி ரொம்பிருச்சு. தண்ணி ஏறுது. ரெண்டு பேரும் வெளிய வாங்க சாமி." அவருடைய கொழுந்தனாரிடம் டிராக்டர் இருக்கிறதாம். ஆனால் அது தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் வடிந்தால்தான் வரும். ஆட்டுப்பட்டியிலிருந்து கிணற்றுக் கயிறு கொண்டுவந்து, காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டிக் கரையிலிருந்த பனைமரத்தோடு கட்டினோம். அதற்கே மணி ஆறாகிவிட்டது.

"நீ பாவாயி அக்காவோட போ, நான் காரைப் பாத்துக்கறேன்" என்றேன்.

"உங்கள இப்பிடி உட்டுட்டு நா எப்பிடீங்க போவேன்?"

நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஆறு வருடம் தவணை கட்டிய கார். போன சித்திரையில்தான் என் பேருக்கு முழுசாக வந்தது. அதைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் நின்றால் அவளும் நிற்பாள். அவள் நின்றால் ஏழு மணி தாண்டிவிடும். காரைப் பூட்டினேன். பூட்டி என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்கலாம், நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். பாவாயி முன்னால் கோலைத் தட்டிக்கொண்டு போக, நாங்கள் கைகோத்து வேப்பமரத்தை ஒட்டிக் கடந்தோம். அங்கே தண்ணீர் தொடைக்குக் கீழேதான் இருந்தது. பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர், சேற்றில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

வீட்டு வாசலில் கால் வைத்தபோது ஆறு நாற்பது. மணை போட்டாயிற்று. பெரியம்மாவின் மகள் பட்டுச்சேலை கட்டிக் கூடையோடு தயாராக நிற்கிறாள். ஆனால் மாப்பிள்ளை உட்காரவில்லை. ஆறு மணியிலிருந்து மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தானாம். இடுப்புவரை சேற்றோடு நின்ற அக்காவைப் பார்த்ததும், "வாங்க்கா" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

பெரியம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் கோலத்துலயா?" என்று ஆரம்பித்தார். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, "பள்ளத்துல எறங்கறதுக்கு உனக்கென்ன நீச்சலா தெரியும், கிறுக்கி" என்று திட்டிக்கொண்டே கோகிலாவின் காலில் ஊற்றிக் கழுவிவிட்டார். ஒரு மாற்றுச்சேலை கைக்கு வந்தது. ஏழு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கூடை கோகிலாவின் கையில் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குத் தண்ணீர் வடிந்து டிராக்டர் வந்தது. சக்கரத்துக்கு அடியில் சோளத்தட்டைக் கட்டுக் கட்டாகத் திணித்துப் பின்பக்கமாகவே இழுத்தார்கள். இருபது நிமிடம்தான். காசு வாங்க மறுத்துவிட்டார்கள், கல்யாணச் சாப்பாடு போதுமாம். சேலத்துக்கு இழுவை வண்டி 3,200 ரூபாய், மெக்கானிக் 6,850 ரூபாய், பெட்ரோல் 400 ரூபாய். இன்ஜின் பிழைத்துக்கொண்டது.

இப்போது உங்களுக்கு. ஓடும் தண்ணீரில் ஆழம் தெரியாமல் வண்டியை இறக்காதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் கோலோடு முன்னால் நடக்கட்டும், அவர் நடக்கத் தயங்கினால் நீங்கள் திரும்பிவிடுங்கள். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் கத்துகிறவர் சொல்வது காதில் விழும், அவசரத்துக்கு வெளியே வரவும் வழி இருக்கும். மணலில் சக்கரம் சுழன்றால் மிதிக்காதீர்கள், இறங்கிச் சோளத்தட்டோ ஓலையோ போடுங்கள். தண்ணீரைக் கடந்த பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்துக் காய வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "வண்டி போகுமா?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். வண்டி அங்கேயே நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு இறங்கி நடக்க மனசு வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால் முள் போட்ட இடத்திலேயே நில்லுங்கள்.

மதியம் நாங்கள் கிளம்பும்போது பெரியம்மா வாசல் வரை வந்தார். என் கையில் ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்துவிட்டு, கோகிலாவின் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

"அடுத்தவாட்டி வாரப்போ ஃபோனப் போட்டு ஒரு வார்த்த கேளு சாமி. மழையில தடம் மாறிக்கிட்டேதான் இருக்கும். எந்தப் பக்கம் வரோணும்னு நாங்க சொல்றம்ல."

"கேக்கறேனுங்க பெரீம்மா" என்றாள் கோகிலா.