மூட்டைக்கு இருவர் என்றொரு பரிந்துரை

நான் நேரில் கண்டவற்றையும் என் கையால் தட்டச்சு செய்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். நிகழ்ந்ததே நம்புதற்கரியது, கேள்விப்பட்டதையும் அதனோடு கலந்தால் முழுவதையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், இரங்கூன் ஆற்றங்கரையிலிருந்த ஓர் அரிசி ஏற்றுமதிக் கிடங்கில் நான் கடித எழுத்தர். ஐரோப்பியக் கொள்முதலாளர் ஒருவரின் கடிதத்தோடு, அங்கே ஆறு நாடுகள் கூடி அமைத்த பொருளாதாரச் சமூகத்தின் பரிந்துரை ஒன்றின் படியும் வந்தது. கனத்த மூட்டையை ஒருவரே சுமப்பது விரும்பத்தக்கதன்று என்பது அதன் சாரம். அச்சமூகத்தின் ஒழுங்குவிதிகள் கட்டுப்படுத்தும்; பரிந்துரைகள் கட்டுப்படுத்தா. அதிலும் இது அந்த ஆறு நாடுகளுக்கே உரியது. கிடங்கு மேலாளர் ஆரோக்கியசாமியிடம் இதை விளக்கினேன்.

"மீறுனா என்ன தண்டனைன்னு போட்டிருக்கா?" என்றார்.

"ஒண்ணும் கெடையாது, சாயா" என்றேன். பர்மாவில் மேலதிகாரியை 'சாயா' என்றே அழைப்போம்.

"அதான்யா பயமா இருக்கு. சட்டம்னா தண்டனை இவ்வளவுதான்னு தெரியும். புடிக்கலன்னா கோர்ட்டுக்குப் போகலாம். இதை எதுத்துப் போக முடியுமா?"

முடியாது. பரிந்துரையை எதிர்த்து அவர்களுடைய நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க இயலாது. அதை நான் ஒப்புக்கொண்டதே அவருக்குப் போதுமானதாயிற்று. எங்கள் அலுவலகத்தில் எண்ணிட்டு வரும் உத்தரவுகள் வாரக்கணக்கில் உறங்கும். மேலிடத்து விருப்பம் என்று வருவது அன்றே நிறைவேறும்.

மறுநாளிலிருந்து மூட்டைக்கு இருவர். கப்பலில் ஏறும் பலகையோ ஒருவர் நடக்கும் அகலமே உடையது. முன்னவர் பின்னோக்கி நடந்தார். பின்னவருக்கு மூட்டையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நண்பகலுக்குள் இரண்டு இணைகள் ஆற்றில் விழுந்தன. ஆட்கள் கரையேறினர், மூட்டைகள் ஏறவில்லை. மறுநாள் கடலேற்றத்தில் ஆற்று நீர் ஏறும்போது கப்பல் புறப்பட வேண்டும். அதற்குள் ஏற்றி முடிக்காவிட்டால், சுமையாளர் மேஸ்திரி வீராசாமியின் கூட்டத்தை நீக்கிவிட்டு, ஆற்றுக்கு அப்பாலுள்ள தன்லியின் ஊர் ஆட்களை அமர்த்துவதாகக் கப்பல் முகவர் சொல்லிவிட்டார்.

வீராசாமி ஈரம் சொட்டச் சொட்ட ஆரோக்கியசாமியின் முன் வந்து நின்றார். "தூக்க ரெண்டு பேரு, விழுந்தவன எடுக்க நாலு பேரு. இதுக்கும் அந்த ஊர்க்காரங்க ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா, சாயா?"

"நக்கல் பண்ணாத. பெரிய எடத்து விருப்பம். நான் எப்படி மீறுறது?"

நான் மேசைக்குத் திரும்பித் தட்டச்சுப் பொறியில் ஒரு தாளைச் செருகினேன்: 'சுமையாளர் குழுவின் பரிந்துரை. குறுகிய பலகையில் மூட்டையை ஒருவரே சுமப்பது விரும்பத்தக்கது. இஃது எவரையும் கட்டுப்படுத்தாது.' வீராசாமி கையொப்பமிட்டார்.

ஆரோக்கியசாமி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "இதை எதுத்து எங்க முறையிடுறது?"

"எங்கயும் முடியாது, சாயா. கட்டுப்படுத்தாததாச்சே."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு விருப்பம் இருந்தா, கிட்ட நிக்கிறவன் விருப்பத்துக்குத்தான் முதல்ல பயப்படணும். ஒருத்தனே தூக்கட்டும்."

நீர் ஏறுவதற்குள் கப்பல் நிறைந்தது. வீராசாமியின் கூட்டம் வேலையில் நிலைத்தது. கட்டளையோடு வாதாடலாம், விருப்பத்தை நிறுத்த மற்றொரு விருப்பமே வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

ஆனால் அன்று ஏற்றிய மூட்டைகளின் கனம் சிறிதும் குறையவில்லை. அந்த ஆறு நாடுகளிலேனும் அப்பரிந்துரையால் எவருடைய முதுகுச் சுமையாவது குறைந்ததா என்பது எனக்குத் தெரியாது.